முள் சொல்லாத சூடு

அத்தியாயம் பதினேழு

கண்ணாடிக்காரர் வீட்டில் பதினைந்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. "சாப்பாடு மேஜையில இருக்கு" என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொல்வாள். "சிலிக்கான் பசை டியூப் நாளையோட தீர்ந்துடும்" என்று அவரும் சுவரிடமே சொல்வார். கல்யாணமான நாளாக அந்தச் சுவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. அவர் விற்பது மூக்குக் கண்ணாடி அல்ல, ஜன்னல் கண்ணாடி. அளவெடுத்து, வெட்டி, பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவார். மனைவியும் கூடவே போவாள். சண்டை அந்த வண்டியால் வந்ததுதான். அவளுடைய தம்பி ஒரு வண்டி ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். "இனிமே இது தாங்காது மாமா, புதுசா மாத்திடுங்க" என்று வண்ணப்படம் போட்ட தாளோடு வந்தான். இவர் அவனைப் பார்த்து, "நாங்க உனக்குக் குடும்பமா, கஸ்டமரா?" என்று கேட்டுவிட்டார். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கியவள்தான் அக்கா. பிறகு ஏறவில்லை. வேலை நடக்கிற இடத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்கினாள்.

நேற்று மதியம் மேம்பாலம் ஏறும்போது வண்டி வெள்ளையாகப் புகைவிட்டு நின்றுவிட்டது. அதை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது, முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை. வீம்பு.

இன்று காலை எட்டரை மணிக்கு ஃபோன் அடித்தது.

வீட்டின் முன்னறைதான் கடை. சுவரோரமாக நாற்பது கண்ணாடிகள், நடுவில் நடுவில் செய்தித்தாள் வைத்து, வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஊருக்கு வெளியே, மேட்டின் உச்சியில் கட்டியிருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கானவை. ஃபோனில் அந்தக் கட்டட கான்ட்ராக்டர்.

"அம்மா, நாளைக்குக் காலையில ஏழு மணி. திங்கக்கிழமை பிள்ளைங்க வந்து உக்காரணும். ஏழுக்குக் கண்ணாடி வரலேன்னா வேற ஆளுக்குச் சொல்லிடுவேன். அப்புறம் என் வேலை எதுக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம். "வந்துடும் சார்" என்றாள்.

வைத்துவிட்டு அந்த நாற்பதையும் பார்த்தாள். எல்லாம் அந்த ஜன்னல்களின் அளவுக்கு வெட்டியாகிவிட்டது, வேறு எங்கும் பொருந்தாது. கையில் இருந்ததை வழித்துத் துடைத்து அதில்தான் போட்டிருந்தார்கள். இது கைவிட்டுப் போனால் அடுத்த மாதம் கடைக்குக் கதவு இருக்கும், திறக்க ஆள் இருக்காது.

வாடகை வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிடித்தார்கள். பதினொரு கண்ணாடி உடைந்தது. கண்ணாடி படுத்துக்கொண்டு வராது, நின்றுகொண்டுதான் வரும். அதற்காகவே பிக்கப்பின் பின்பக்கம் ரப்பர் ஒட்டிய இரும்பு ஸ்டாண்டு ஒன்றை அவரே வடிவமைத்துப் பொருத்தியிருந்தார். அது இல்லாத வண்டியில் ஏற்றுவதைவிட நாற்பதையும் இங்கேயே உடைத்துப் போடலாம், பெட்ரோலாவது மிஞ்சும்.

* * *

ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குக்கு 'அரைமணி' என்று பெயர். பஞ்சர் என்றாலும் அரைமணி என்பார், கியர் பெட்டியே கழன்று விழுந்தாலும் அரைமணி என்பார். இன்றைக்கு அவர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, கையைத் துடைத்து, மறுபடி துடைத்து, அப்புறமும் அரைமணி என்று சொல்லவில்லை.

"இன்ஜின் ஹெட் வளைஞ்சு போச்சு. கேஸ்கட் எரிஞ்சிருக்கு. ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு" என்றார் அரைமணி. "பிளாக்குல விரிசல் இருக்கான்னு பிரிச்சாத்தான் தெரியும். இல்லேன்னா நாலு நாள். இருந்துச்சுன்னா, இந்த இன்ஜினுக்கு நான் நாள் சொல்ல மாட்டேன்."

"நாளைக்குக் காலையில எனக்கு வண்டி வேணும்."

"எனக்கும்தான் நிறைய வேணும்."

கண்ணாடிக்காரர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அரைமணி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். சூட்டைக் காட்டும் முள் கீழேயே படுத்துக் கிடந்தது.

"இந்த முள்ளு செத்து எட்டு வருஷம் ஆகுது. எட்டு வருஷமா ஒருதடவைகூட இது கொதிச்சதில்ல. இப்ப மட்டும் எப்படி?"

கண்ணாடிக்காரரின் பார்வை பக்கத்து இருக்கைக்குப் போனது.

அந்த வண்டியில் மனைவி உட்கார்கிற பக்கம், கால் வைக்கும் இடத்தில் ஒரு தகடு உண்டு. அதற்கு அப்பால் இன்ஜின். ஏறியதும் அவள் வலது செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தை அதில் வைத்துக்கொள்வாள். வெதுவெதுப்பைத் தாண்டினால் "ம்" என்பாள், அவர் வேகத்தைக் குறைப்பார். இன்னும் ஏறினால் "போதும்" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவர் எங்கே இருந்தாலும் ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கமில்லை. தம்பிகூட முன்பெல்லாம், "எங்க அக்காதான் மீட்டர்" என்று கேலி செய்வான்.

இந்தப் பதினைந்து நாள் அந்த இடத்தில் சிலிக்கான் டப்பா உட்கார்ந்து வந்தது. டப்பாவுக்குச் சூடு தெரியாது.

* * *

பதினொரு மணிக்குத் தம்பி கடைக்கு வந்தான். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"மாமா என்கிட்ட பேச வேணாம். நான் அவருக்காகவும் வரல. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவன் சொன்னான், வண்டி படுத்துடுச்சுன்னு. அதான் வந்தேன்."

"உள்ள வாடா."

"இருக்கட்டும். கேளு. பேங்க்ல கடன் பேசி வாங்கிட்டேன். புது பிக்கப் ஒண்ணு ஸ்டாக்குல இருக்கு, இன்னிக்கு சாயங்காலமே எடுக்கலாம். ராத்திரி ஸ்டாண்டை மாட்டினா காலையில கிளம்பிடலாம். முன்பணத்துக்குப் பழைய வண்டியோட எக்ஸ்சேஞ்ச் விலை சரியா இருக்கும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து நாளாக ஒரு ஃபோன்கூடச் செய்யாதவன் பேங்க் வரைக்கும் போயிருக்கிறான்.

"ஆனா ஒண்ணு" என்றான். "வண்டி அஞ்சு மணிக்குள்ள தானா ஓடி வரணும்க்கா. இழுத்துட்டு வந்தா பழைய இரும்பு விலைதான் போடுவாங்க. முன்பணத்துல பாதிகூட வராது. ஓடி வந்து ஷோரூம் கேட்டுல நின்னா, நான் சுத்திப் பார்த்து 'நல்லா ஓடுது'ன்னு தாள்ல கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"நீயா போடணும்?"

"எக்ஸ்சேஞ்ச் நான்தானே பார்க்கிறேன். வண்டி ஓடுமில்ல?"

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் அவள்.

* * *

ஒர்க்‌ஷாப்புக்கு அவள் நடந்தே போனாள். இருபது நிமிடம். போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாததால் நேராகத்தான் பேச வேண்டியிருந்தது.

தம்பி சொன்னதைச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு அரைமணியிடம் திரும்பி, "ஷோரூம் வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர் ஓட வைக்க முடியுமா?" என்றார்.

"ரேடியேட்டர்ல பவுடர் போட்டு ஓட்டையை அடைக்கலாம். தாக்குப்பிடிச்சா பத்து கிலோமீட்டர். நடுவுல கொதிச்சா இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் கடைசி வரைக்கும் இரும்புதான். நடுவுல அணைச்சாலும் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"போடு."

"ஆயிலையும் புதுசா மாத்திடறேன். திறந்து பார்த்தாலும் தெரியாது." இதை அரைமணி அவர்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யாருக்குத் தெரியாது?" என்றாள்.

கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டைக் கழற்றப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

"கேக்கிறேன்ல. யாருக்குத் தெரியாது? என் தம்பிக்கா? நாளைக்கு அங்க எவனாவது இன்ஜினைப் பிரிச்சா, தாள்ல இருக்கிறது அவன் கையெழுத்து. அவன் வேலை போயிடும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

"வேற வழி இருந்தாச் சொல்லு" என்றார். "நாலு நாள் காத்திருந்தா கண்ணாடி போச்சு. இழுத்துட்டுப் போனா வண்டி போச்சு. ரெண்டும் போனா கடை போச்சு. காலையில இருந்து இதையே சுத்திச் சுத்தி வரேன். வெளியே போற கதவே காணோம். உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு, நீ சொல்றதைச் செய்யறேன்."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நின்றபடியே பத்து நிமிடம் யோசித்தும் அவளுக்கும் கதவு கிடைக்கவில்லை.

அவர் கடைசி போல்ட்டைக் கழற்றினார். ஸ்டாண்டை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அது போன பிறகு வண்டி, பல்செட்டைக் கழற்றி வைத்த வாய்போல இருந்தது. அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று கேனைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

அரைமணி பவுடரைக் கரைத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே அக்கா. அந்த முள்ளை மாத்தறது சின்ன வேலை. நிஜமாவே அரைமணி. மூணு தடவை சொல்லிட்டேன். வேணாம்னுட்டார்."

"ஏனாம்? கஞ்சத்தனமா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். போன வருஷம் விடாம கேட்டப்பதான் சொன்னார். 'முள்ளு வந்துட்டா அவ எதுக்கு என்கூட வரப்போறா'ன்னு."

அவளுக்கு உருகிப்போகத் தோன்றவில்லை. எரிச்சல்தான் பொங்கியது. எட்டு வருடம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு மெக்கானிக்தான் கிடைத்தாரா. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எவ்வளவு வீம்பு இருந்தாலும் அந்தப் பதினைந்து நாள் டப்பாவை அங்கே உட்கார விட்டிருக்க மாட்டாளே. எரிச்சலோடு கண்ணும் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு இன்ஜின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. அவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்த சிலிக்கான் டப்பாவை எடுத்துக் கீழே கொடுத்தார். அவளைக் கூப்பிடவில்லை. கதவை மட்டும் உள்ளிருந்து திறந்து வைத்தார்.

அவள் ஏறினாள். தம்பியை ஏமாற்றத்தான் போகிறோம் என்று தெரிந்தேதான் ஏறினாள். அதற்கு நான் நியாயம் சொல்லப்போவதில்லை. முழுகுகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கிறான், அது யாருடைய தலைமுடி என்று பார்ப்பதில்லை.

வலது செருப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தகட்டின் மேல் வைத்தாள்.

* * *

முதல் மூன்று கிலோமீட்டர் ஒன்றும் இல்லை. சிக்னல் ஒன்று, லாரி நிறுத்தம் ஒன்று, சாயம் போன விளம்பரப் பலகைகள். இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ம்" என்றாள் நாலாவது கிலோமீட்டரில்.

அவர் உடனே வேகத்தைக் குறைத்தார். பதினைந்து நாளுக்குப் பிறகு அந்த வண்டிக்குள் அவள் சொன்ன முதல் சொல் அதுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. அதைக் கொண்டாடுகிற நிலையில் இருவருமே இல்லை.

ஆறாவது கிலோமீட்டரில் மறுபடி "ம்". இனி இதற்குக் கீழே குறைத்தால் நடந்து போகிறவர்கள் முந்துவார்கள். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

ஏழரை கிலோமீட்டரில் தகடு சுட்டது. சொல்ல வேண்டிய இடம். எட்டு வருடமாக அவள் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் சொன்ன இடம். வாய் திறந்தாள்.

சொன்னால் அவர் அணைத்துவிடுவார். அணைத்தால் ஸ்டார்ட் ஆகாது. முன்னறையில் நாற்பது கண்ணாடி.

வாயை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர். அவர் கேட்டதே கிடையாது, கேட்கத் தேவையும் இருந்ததில்லை.

"போங்க" என்றாள்.

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதத்தை எடுத்திருக்கலாம். எடுத்தால் அவர் பார்த்துவிடுவார், பார்த்தால் நிறுத்திவிடுவார். எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஷோரூம் கொடிகள் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரிந்தன. நாலு கொடி, பெரிய கண்ணாடிச் சுவர், உள்ளே வரிசையாகப் புது வண்டிகள். மணி ஐந்தாக ஏழு நிமிடம். கேட்டில் தம்பி கையில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். வண்டி தானாக ஓடி வருவதைப் பார்த்ததும் அவன் முகம் சின்ன வயதில் மாதிரி மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

கேட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக அவர் நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி ஒரு சுற்று வந்தான். டயரைத் தட்டினான். பின்பக்கம் புகையைப் பார்த்தான், பவுடரின் புண்ணியத்தில் புகை இல்லை. மாமாவைப் பார்த்து, "பரவாயில்ல, நல்லாத்தான் ஓடுது" என்றான். பதினைந்து நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. மாமா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அக்கா பக்கம் வந்து கதவைத் திறந்தான். அட்டையில் தாளை நேராக வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

"இறங்குக்கா. உள்ள போய் புது வண்டியைப் பாரு. அன்னிக்குப் படத்துல பார்த்து நீ சொன்ன நீலமே..."

நிறுத்தினான்.

அவள் பாதம் தகட்டை விட்டு இன்னும் வரவில்லை. ஓரமெல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்து, பெருவிரலுக்குக் கீழே தோல் கொப்பளித்திருந்தது.

அவன் மீட்டர் என்று கேலி செய்தவன்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், கையிலிருந்த தாளைப் பார்த்தான். தூரத்தில் ஷோரூம் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் இவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"அக்கா" என்றான் மெதுவாக. பேனா தாளின் மேல் இருந்தது. "நீ சொன்னா போட்டுடறேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லு."

அவன் உண்மையாகவே போட்டிருப்பான். அதுதான் அவளைத் தாக்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

நாற்பது கண்ணாடி, ஏழு மணி, கடை, எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்தது. கொப்பளித்த பாதத்தைத் தகட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நேரே முன்னால் பார்த்தபடி சொன்னாள்.

"போதும்."

கண்ணாடிக்காரர் சாவியைத் திருப்பினார். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் திருப்பினார். எட்டு வருடத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் ஒருதடவைகூட யோசித்ததில்லை, இன்றைக்கும் யோசிக்கவில்லை.

இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி மெல்லக் கிளம்பி, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. அடியில் தண்ணீர் ஒழுகி, கேட்டின் சரிவில் ஓடியது.

"மாப்பிள்ளை" என்றார் அவர். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மேனேஜர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் புது வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம் வழி கிடைக்காமல் நின்றது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"என்னது இது? எந்தக் கஸ்டமரோட வண்டி இது?" என்றார் மேனேஜர்.

தம்பி பேனாவை மூடினான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு பின்பக்கம் போய், தள்ளுவதற்குக் கை வைத்தான்.

"கஸ்டமர் இல்ல சார்" என்றான். "எங்க வீட்டு வண்டி."